காகிதமும் வெள்ளியும்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோஸுல் நகரில் ஒரு நூலகம் இருந்தது. அதனை நிறுவியவர் ஜஅஃபர் இப்னு முஹம்மது இப்னு ஹம்தான். கவிஞர், ஷாஃபிஈ சட்டவியலில் தேர்ந்தவர், ஹிஜ்ரி 323இல், அதாவது கி.பி. 935இல், மறைந்தவர். பல துறை நூல்களைத் திரட்டி, கல்வி நாடுவோர் அனைவருக்கும் அவற்றை வக்ஃபாக்கிய அப்பெரியார், உள்ளே வரும் எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. அயலூரிலிருந்து கல்வி தேடி வந்தவர் கையில் பொருளற்றவராக இருந்தால், அவருக்கு வரக், வரிக் என்னும் இரண்டையும் கொடுத்தார் என்று யாகூத் அல்ஹமவீ தமது அறிஞர் வரலாற்றுக் களஞ்சியத்தில் குறிப்பிடுகின்றார். அரபு எழுத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு தெரியாது. உயிர்க்குறி மாறினால் பொருள் மாறும். வரக் என்பது காகிதம். வரிக் என்பது வெள்ளிக்காசு. நம் தமிழ்ச் செவிக்கு முதற்சொல் வரகு என்னும் புன்செய்த் தானியத்தையும் நினைவூட்டக்கூடும். பசியோடு வந்த மாணாக்கனைப் பொறுத்தவரை அதுவும் பொருந்தாத பொருளன்று.

இன்று அருங்காட்சியகங்களும் நூலகங்களும் வரலாற்றாய்வாளர்களுக்கு வழங்கும் ஆய்வு நல்கை, அதாவது 'ஃபெலோஷிப்', மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்பு என்று நம்மில் படித்தவர்களும் எண்ணுகின்றனர். பெயரும் விண்ணப்பப் படிவமும் அங்கிருந்து வந்தவையாக இருக்கலாம். நூலைச் சேர்ப்பது ஓர் அறம், அந்நூலின் முன் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்க வழி செய்வது வேறோர் அறம் என்ற தெளிவு மோஸுல் கவிஞருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. முன்னதைச் செய்தோர் எத்தனையோ பேர். பின்னதைச் செய்தோர் எப்போதும் சிலரே. அச்சிலரின் வரலாற்றை ஓரளவு தொடர்ந்து பார்ப்பதே நமது நோக்கம்.

கெய்ரோவில் ஃபாத்திமி கலீஃபா அல்ஹாகிம் 1005ஆம் ஆண்டு 'தாருல் இல்ம்' என்னும் அறிவு இல்லத்தைத் திறந்தார். அதன் ஆண்டுச் செலவுக் கணக்கை வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளார். மொத்தம் 257 தீனார். அதில் படியெடுப்போருக்குரிய காகிதத்துக்கு மட்டும் 90 தீனார், நூலகருக்கு 48, கிழிந்த நூல்களைச் செப்பனிட 12, குடிநீருக்கு 12, வாசிக்க வரும் அறிஞர்களுக்கான காகிதம், மை, எழுதுகோல் ஆகியவற்றுக்கு 12. நூலகரின் ஊதியத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு காகிதத்துக்குச் சென்றது. வாசகருக்கென்று தனியே ஓர் இனம் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நிறுவனம் எதை மதிக்கின்றது என்பதை அறிய அதன் திறப்புவிழாச் சொற்பொழிவைவிட வரவுசெலவு ஏடே நம்பத்தக்க சான்று.

ஆனால் அந்த அறிவு இல்லத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மொழியறிஞர் அபூ உஸாமா ஜுனாதா, குர்ஆன் ஓதற்கலை வல்லுநர் அபூ அலீ அல்அன்தாக்கீ, ஹதீஸ் கலை மேதை அப்துல் கனீ இப்னு ஸயீத் ஆகிய மூவரும் அங்கே கூடி உரையாடும் நண்பர்களாக இருந்தனர். ஹிஜ்ரி 399இல் முதலிருவரும் அதே கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டனர். மூன்றாமவர் உயிருக்கு அஞ்சித் தலைமறைவாக வாழ்ந்தார். இதனை இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார். மையும் காகிதமும் அளித்த கையும் ஆணை பிறப்பித்த கையும் ஒன்றே. ஆய்வு நல்கையைப் பற்றிப் பேசும்போது தொகை எவ்வளவு என்பதே முதற்கேள்வியாகக் கேட்கப்படுகின்றது. கொடுத்தவர் நினைத்த நேரத்தில் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பது அதைவிட முந்திய கேள்வி.

இந்த அச்சத்துக்குச் சமுதாயம் கண்ட விடைதான் வக்ஃபு. வக்ஃபு செய்யப்பட்ட பொருள் கொடுத்தவரின் உடைமையிலிருந்து நீங்கிவிடுகின்றது. அவர் மனம் மாறினாலும், மறைந்தாலும், அவருடைய பிள்ளைகள் வேறு எண்ணம் கொண்டாலும் பத்திரத்திலுள்ள நிபந்தனை நிற்கும். நடைமுறையில் அது எத்தனையோ இடங்களில் மீறப்பட்டுள்ளது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் கோட்பாட்டளவில், கொடை கொடுப்பவரிடமிருந்தே கொடையைக் காக்கும் ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடு செம்மையாக இயங்கிய ஓர் ஊரையும் அதனால் பயன்பெற்ற ஒருவரையும் நாம் அறிவோம். ஊர் குராஸானிலுள்ள மர்வு. மனிதர் மேலே நாம் குறிப்பிட்ட அதே யாகூத். ரோமானியர் நாட்டில் பிறந்து, சிறுவயதிலேயே அடிமையாகப் பிடிபட்டு, பக்தாதில் ஹமா நகரத்து வணிகர் ஒருவரிடம் விலைப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத அவ்வணிகர் தம் கணக்கு வழக்குக்குத் துணையாக இருக்கட்டும் என்று சிறுவனுக்குக் கல்வி கற்பித்தார். விடுதலை பெற்ற பின் யாகூத் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தார். குடிப்பெருமையோ, அரசவைப் பதவியோ, சொந்த ஊரோ அவருக்கில்லை. இத்தகைய ஒருவருக்கு மர்வு நகரம் பத்து வக்ஃபு நூலகங்களைத் திறந்து வைத்தது. அவற்றுள் ஜாமிஆப் பள்ளிவாசலில் இருந்த அஸீஸிய்யா நூலகத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 தொகுதிகள் இருந்தன என்று அவரே எழுதுகின்றார். தாம் தங்கியிருந்த அறையில் எந்த நேரமும் 200 தொகுதிகளுக்குக் குறையாமல் இருக்கும் என்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈடாக எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை என்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றார். அந்நூல்களின் மீதிருந்த காதல் ஊரையும் உறவையும் மறக்கச் செய்தது என்கின்றார்.

இன்றைய நூலகங்களில் உறுப்பினர் அட்டைக்காகப் பரிந்துரைக் கடிதம் தேடி அலைந்தவர்கள் இந்தச் செய்தியை இருமுறை படிப்பார்கள்.

இதன் விளைவு என்ன? ஹிஜ்ரி 615இல் மர்வில் ஸம்ஆனீ குடும்பத்து அறிஞர் ஒருவரின் அவையில் 'ஹுபாஷா' என்னும் பழைய அரபுச் சந்தை ஒன்றின் பெயரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. முதலெழுத்தை உகரமாக ஒலிக்க வேண்டும் என்றார் யாகூத். அவையிலிருந்த ஒருவர் அகரமாகத்தான் ஒலிக்க வேண்டும் என்று மறுத்தார். அவ்வளவு நூல்கள் நிறைந்த நகரத்திலும் உடனே சான்று காட்ட முடியவில்லை. தாம் சொன்னதே சரி என்பதற்கு நெடிய தேடலுக்குப் பிறகே ஆதாரம் கிடைத்தது. இடப்பெயர்களுக்கென்று நம்பகமான ஒரு நூல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அன்று தோன்றியது. 'முஃஜமுல் புல்தான்' என்னும் நிலவியல் பேரகராதி பிறந்த கதை இதுதான். ஓர் எழுத்தின் ஒலியைச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஏடு புரட்டும் ஓய்வு ஒருவருக்கு வாய்த்ததால் விளைந்த நூல் அது. எந்த விண்ணப்பப் படிவத்திலும் இப்படியொரு 'ஆய்வுத் திட்டத்தை' எழுதி ஒப்புதல் பெற்றுவிட முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம். பாட்னாவில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற குதா பக்ஷ், தம் தந்தையார் முஹம்மது பக்ஷ் 1876இல் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,400 சுவடிகளை ஏறத்தாழ 4,000 ஆகப் பெருக்கி, 1891இல் மக்களுக்கு வக்ஃபாகத் திறந்துவைத்தார். தந்தையின் வஸிய்யத்து அது. வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் அந்நூலகத்தின் நெடுநாள் வாசகர். குதா பக்ஷ் மறைந்த 1908ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை வழியே பல செய்திகள் நமக்குத் தெரிய வருகின்றன. முஹம்மது மக்கீ என்னும் அரபு நாட்டவரை மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் 18 ஆண்டுகள் அமர்த்தி, எகிப்து, சிரியா, பாரசீகம் முதலிய நாடுகளில் அரிய சுவடிகளைத் தேடச் செய்தார் குதா பக்ஷ். பாட்னாவுக்குச் சுவடி கொண்டு வருவோருக்கு, அதை அவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ரயில் கட்டணத்தை இருமடங்காகக் கொடுத்தார். தைமூர் வழித்தோன்றல்களின் வரலாற்றைக் கூறும், உலகில் வேறெங்கும் படியில்லாத ஓவியச் சுவடி ஒன்று இங்கேதான் உள்ளது. 2011இல் யுனெஸ்கோ அதனை 'உலக நினைவு'ப் பதிவேட்டில் சேர்த்தது.

சேகரித்தவரின் புகழ் பரவிய அளவுக்கு, சேகரத்தை வாசித்துத் தந்தவர்களின் பெயர் பரவவில்லை. கல்கத்தா மதரஸாவின் முதல்வராக இருந்த டெனிசன் ராஸின் மேற்பார்வையில் மௌலவீ அப்துல் முக்ததிர் பாரசீகச் சுவடிகளின் விவர அட்டவணையைத் தொகுத்தார். அதன் முதல் தொகுதி 1908இல் வெளிவந்தது. பின்னர் தொகுதி தொகுதியாகப் பல பத்தாண்டுகளுக்கு அப்பணி நீண்டது. ஒவ்வொரு சுவடியையும் திறந்து, ஆசிரியர் யார், எப்போது படியெடுக்கப்பட்டது, எந்த ஏடு காணாமற்போனது, ஓரத்தில் யாருடைய கையெழுத்து உள்ளது என்று பார்த்து எழுதும் பணி அது. ஹாஃபிஸின் திவான் சுவடி ஒன்றில் முகலாய மன்னர்கள் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் இருப்பதை உலகம் அறிந்தது இத்தகைய உழைப்பினால்தான். ஊதியம் பெற்று உட்கார்ந்த ஒரு மௌலவீ இல்லாதிருந்தால் பாட்னாவிலிருந்தது விலைமதிப்பற்ற ஒரு பூட்டிய அலமாரி மட்டுமே. 1969இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நூலகம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. ஆய்வாளர்களுக்கு நல்கை வழங்கும் வழக்கமும் அங்கே ஏற்பட்டது.

இதில் நம் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி உண்டு. உடைமை அனைத்தையும் நூலகத்தில் கொட்டிவிட்ட குதா பக்ஷ் இறுதி நாட்களில் நோயிலும் கடனிலும் வீழ்ந்தார். கடனை அடைக்க அரசு 8,000 ரூபாய் கொடுத்து, மாதம் 200 ரூபாயில் அவருடைய நூலகத்துக்கே அவரைச் செயலாளராக அமர்த்தியது. மோஸுல் கவிஞர் வெள்ளிக்காசு கொடுத்தது வறிய மாணாக்கனுக்கு. பாட்னாவில் நிறுவியவரே அதைப் பெற வேண்டியதாயிற்று. அந்நிலையிலும் சுவடிகளை விலைக்குக் கேட்ட பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அவர் இணங்கவில்லை.

டில்லியில் நடந்தது வேறு வகை. தீன் மூர்த்தி மாளிகை 1930இல் பிரிட்டிஷ் இந்தியப் படைத் தலைவரின் இல்லமாகக் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முன்னுள்ள மூன்று வீரர் சிலைகளால் அப்பெயர் பெற்றது. ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் குதிரைப் படைகளின் நினைவாக எழுந்த சிலைகள் அவை. முதல் உலகப் போரில் ஃபலஸ்தீன் களத்தில் உஸ்மானியப் படைக்கு எதிராகப் போரிட்டவர்கள் அவர்கள். நிஜாமின் வீரர்கள் துருக்கி கலீஃபாவின் படையை எதிர்த்து நின்ற நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தான், கிலாஃபத் இயக்கக் காலத்து ஆவணங்களைப் படிக்க நாம் உள்ளே செல்ல வேண்டும். வரலாறு இப்படியும் வாசல் அமைக்கும்.

பிரதமர் நேரு 1948 முதல் 1964இல் மறையும் வரை அங்கே வாழ்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 14 அன்று அம்மாளிகை அருங்காட்சியகமாயிற்று. அருகே நூலகம் வளர்ந்தது. 1974இல் அதற்குத் தனிக் கட்டடமும் அமைந்தது. முதல் இயக்குநர் பி.ஆர். நந்தா வரலாற்றாசிரியர். தலைவர்களின் வாரிசுகளிடம் சென்று வீட்டுப் பரண்களிலிருந்த கடிதங்களைக் கேட்டுப் பெறும் பணியை அவர் காலத்தில் நூலகம் முனைந்து செய்தது. காங்கிரஸ் பேரவையின் கோப்புகளும், இராஜாஜி உள்ளிட்ட பலரின் தனித்தாள்களும் வந்து சேர்ந்தன. கிலாஃபத் குழுவின் செயலாளராகப் பணியாற்றி, 1942இல் நேருவோடும் மௌலானா ஆஸாதோடும் அஹ்மத்நகர் கோட்டையில் சிறைப்பட்ட பீகாரின் டாக்டர் ஸையித் மஹ்மூதின் தாள்களும் அங்கே உள்ளன. விடுதலைப் போரில் பங்கேற்றோரை நேரில் சந்தித்து ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்க்கும் வாய்மொழி வரலாற்றுத் திட்டமும் நடைபெற்றது. அவர்களில் பலர் இன்று இல்லை, குரல் இருக்கின்றது.

அடுத்து வந்த ரவீந்தர் குமாரின் காலத்தில், 1990இல், சமகால ஆய்வு மையம் என்னும் பிரிவு தோன்றியது. ஆய்வாளர்களை நல்கையின்பேரில் அழைத்து உட்கார வைக்கும் பணி அதனால் விரிந்தது. ஏற்பாடு எளியது. ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். வல்லுநர் குழு தேர்ந்தெடுக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஊதியமும் அமர்ந்து எழுத இடமும் கிடைக்கும். இடையிடையே கருத்தரங்கில் கட்டுரை படித்து மற்றவர்களின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். வகுப்பெடுக்கும் சுமையும் விடைத்தாள் திருத்தும் சுமையும் இல்லை. ராமச்சந்திர குஹாவின் விடுதலைக்குப் பிந்திய இந்திய வரலாறு 2007இல் வெளிவந்தபோது, இந்நூலகத்தின் தாள்களுக்கு அது எவ்வளவு கடன்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. நூலகம் தரும் கொடையின் அளவு இத்தகைய நூல்களில்தான் தெரியும்.

இங்கே ஒரு குறையை நாம் சொல்லியாக வேண்டும். கிலாஃபத் காலத் தலைவர்கள் ஒருவருக்கொருவர் உருதுவில், பெரும்பாலும் சிதைவெழுத்து எனத்தக்க 'ஷிகஸ்தா' கையெழுத்தில், எழுதிக்கொண்டார்கள். அதைத் தடையின்றிப் படிக்கப் பழகவே சில ஆண்டுகள் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் நல்கையைப் பெற்ற ஆய்வாளர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டுள்ள காவல்துறை உளவுக் குறிப்புகளை எடுத்துக்கொள்வார். அவை படிக்க எளியவை, தேதிவாரியாக அடுக்கப்பட்டவை. ஆலிம் ஒருவர் ஜும்ஆவுக்குப் பிறகு என்ன பேசினார் என்பதை, அவரை வேவு பார்க்க வந்தவரின் குறிப்பிலிருந்து நாம் அறிகின்றோம். அந்த ஆலிம் அன்றிரவு தம் நண்பருக்கு எழுதிய கடிதம் பக்கத்துக் கட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கலாம். முஸ்லிம் மக்களின் அரசியல் வரலாற்றில் 'வெறி', 'கிளர்ச்சி', 'தூண்டுதல்' என்ற சொற்கள் அடிக்கடி தலைகாட்டுவதற்கு ஆய்வாளரின் தீய நோக்கமே காரணம் என்று நம்மவர்கள் குறைபடுகின்றனர். பல வேளைகளில் காரணம் அதைவிடச் சாதாரணமானது: மூல மொழியைக் கற்கும் காலத்துக்கு யாரும் படியளக்கவில்லை.

இன்னொரு கவலை கெய்ரோவில் நாம் கண்டது. அரசு நிதியால் இயங்கும் நிறுவனத்தின் தலைமையும் கொள்கையும் அரசுகளோடு மாறும். தீன் மூர்த்தி வளாகத்தில் 2022 ஏப்ரலில் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறுவனத்தின் பெயரிலிருந்து நேருவின் பெயர் நீக்கப்பட்டு, பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்றாயிற்று. பெயர் மாற்றத்தை வரவேற்றோரும் உண்டு, வருந்தியோரும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. வாசகசாலையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர், வாசற்பலகையில் எந்தப் பெயர் எழுதப்பட்டாலும் தாம் கண்டதைக் கண்டபடி எழுத முடிகின்றதா, அடுத்த ஆண்டும் அவர் கேட்கும் கட்டு அவர் மேசைக்கு வருகின்றதா என்பதையே நாம் கவனிக்க வேண்டும். முன்பிருந்த ஆட்சிகளிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

நல்கை அளித்துவிட்டு ஒதுங்கி நின்றால் என்ன விளையும் என்பதற்கு டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் ஒரு சான்று. சென்னையில் வாழ்ந்த நவாயத் அறிஞர் குடும்பத்தின் வழித்தோன்றல். 1908இல் ஹைதராபாதில் பிறந்தவர். பான் நகரிலும் பாரிஸிலும் முனைவர் பட்டம் பெற்றவர். அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் தொகுத்த 138 ஹதீஸ்கள் அடங்கிய ஏட்டின் சுவடியை 1933இல் பெர்லினில் கண்டெடுத்தார். திமிஷ்கிலிருந்த மற்றொரு படியோடு ஒப்பிட்டு 1953இல் பதிப்பித்தார். கண்டெடுத்ததற்கும் பதிப்பித்ததற்கும் நடுவே இருபது ஆண்டுகள். ஹைதராபாத் அரசு மறைந்த பின் நாடற்றவராகப் பாரிஸில் வாழ்ந்த அவரை 1954 முதல் 1978 வரை பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் ஆய்வாளராக வைத்திருந்தது. இஸ்லாத்தில் உறுதியான பற்றுடைய ஓர் அகதி எதை ஆராய வேண்டும் என்று அந்த மதச்சார்பற்ற அரசு நிறுவனம் கட்டளையிடவில்லை. திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் நபிகளார் (ஸல்) வரலாறும் அவர் பாரிஸில் வாழ்ந்த காலத்தின் பயன்கள்.

நம் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளில் அரபுத் தமிழ் ஏடுகள் இன்னும் இருக்கின்றன. பள்ளிவாசல் விளக்குக்கும், கந்தூரிச் சோற்றுக்கும், மதரஸா மாணவரின் உணவுக்கும் நிலம் எழுதிவைத்த பெரியோர்கள் நம்மிடையே வாழ்ந்துள்ளனர். ஏடு வாசிப்பவருக்கென்று ஒரு குழி நிலம் எழுதிவைத்த பத்திரம் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. தக்யா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெருநூல் தனிமனித உழைப்பின் பயன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென்று ஓர் இருக்கை அமைந்து, இலங்கையிலிருந்து ம.மு. உவைஸ் வந்து அமர்ந்தார். பீ.மு. அஜ்மல்கானும் இணைய, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு தொகுதிகளாக வெளிவந்தது. இருக்கை ஒன்று இருந்தது, நூல் வந்தது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

யாகூதை மர்வில் விட்டுவந்தோம். ஹிஜ்ரி 616இல் மங்கோலியப் படை நெருங்கும் செய்தி கேட்டு அவர் வெளியேறினார். தாத்தாரியர் வந்திராவிட்டால் சாகும்வரை அவ்வூரை விட்டு அகன்றிருக்கமாட்டேன் என்ற கருத்துப்பட எழுதியுள்ளார். 1221இல் மர்வு அழிந்தது. பத்து நூலகங்களும் அழிந்தன. அவற்றிலிருந்து அவர் குறித்துக்கொண்டவை தப்பின. வறியவராக மோஸுல் வந்து, பின்பு ஹலப் நகரில் நூற்காதலரான இப்னுல் கிஃப்தியின் ஆதரவில் அகராதியை உருவாக்கினார். ஹிஜ்ரி 626 ரமளானில், கி.பி. 1229இல், ஹலப் நகருக்கு வெளியே ஒரு சத்திரத்தில் காலமானார். இறப்பதற்கு முன் தம்மிடமிருந்த நூல்களைப் பக்தாதில் தர்பு தீனார் தெருவிலுள்ள ஸைதீ பள்ளிவாசலுக்கு வக்ஃபாக எழுதி, வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீரிடம் ஒப்படைத்தார். அவர் அவற்றைப் பக்தாதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.